வெளிமூச்சு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் புதிதாக நடப்பவர்கள் எல்லாரும் ஒரு காரியம் செய்வார்கள். சுக்குக் குடோன் வாசல் வந்ததும் மூச்சை ஆழமாக இழுப்பார்கள். சுக்கும் மிளகும் ஏலமும் மஞ்சளும் பழைய சணல் சாக்கும் காயலின் உப்பு ஈரமும் சேர்ந்த அந்த வாசனையை ஒரே இழுப்பில் முடிந்தமட்டும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரியும். இழுத்த மூச்சை விட்டதை மட்டும் ஒருவரும் கவனிப்பதில்லை. விடுகிறவருக்கே அது தெரியாது.

படைப்பின் பெருமையைப் பேசுகிறவர்களும் பெரும்பாலும் உள்ளே போகும் காற்றைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கோ அந்த அதிசயத்தில் பெரிய பங்கு வெளியே போகிற மூச்சில் இருப்பதாகப் படுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உழைப்பில்லாமல், உத்தரவில்லாமல், ஒரு தசையும் வேலை செய்யாமல் அது தானாகப் போகிறது. எம்ஃபிசீமா என்று டாக்டர்கள் சீட்டில் எழுதும் நோய் மனிதனிடமிருந்து முதலில் பறிப்பது இந்தச் சலுகையைத்தான்.

காற்று உள்ளே போகும் வழியை முதலில் பார்த்துவிடுவோம். மூக்கு அதைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்புகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். மிளகுத்தூளானால் தும்மலோடு வந்த வழியே திரும்பும். அதைவிட நுண்ணியவை மூச்சுக்குழாய்ச் சுவரில் பூசியிருக்கும் சளியில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சளிக்கு அடியில் எண்ணற்ற மயிரிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல், எல்லாம் ஒரே திசையில், தொண்டையை நோக்கி அடித்துக்கொண்டே இருக்கின்றன. குடோனில் உட்கார்ந்து முறத்தில் சுக்குப் புடைக்கும் ஒரு பெண்ணைப் பாருங்கள். மூக்கைத் துண்டால் கட்டியிருப்பார். இமை மயிரில்கூட வெளுத்த பொடி படிந்திருக்கும். அவர் பேசும்போதும் சிரிக்கும்போதும் இரவில் தூங்கும்போதும் உள்ளே போன தூசி சளியோடு சளியாக மேலே ஏறி வந்து, அவருக்கே தெரியாமல் விழுங்கப்பட்டு, வயிற்றில் போய் முடிகிறது. இதையும் தாண்டி ஆழத்துக்குப் போகிற பொடிகளை விழுங்குவதற்கென்றே கடைசி அறைகளில் காவல் செல்கள் உலவுகின்றன.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக. இப்படி ஏறத்தாழ 23 தடவை. கடைசிக் கிளைகளில் காற்றுச் சிற்றறைகள். வளர்ந்த மனிதருக்குச் சராசரியாக 48 கோடி என்று 2004-ல் வெளியான ஓர் அளவீடு சொல்கிறது. ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம் உண்டு. 1661-ல் இத்தாலியின் போலோனாவில் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து இவற்றை எழுதிவைத்தார். அதுவரை நுரையீரலை ஒரு சதைப்பிண்டம் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். எல்லா அறைகளின் உட்சுவரையும் விரித்தால் ஆயிரம் சதுர அடிக்கு அருகில் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் இரத்தம். இடையில் இருக்கும் தடுப்பு, ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு. பல இடங்களில் அதைவிடவும் மெல்லிசு. ஒரு சிவப்பணு அந்தச் சுவரோரத்தைக் கடக்க முக்கால் நொடி எடுக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டுவிடுகிறது. மிச்சம் கையிருப்பு. ஓடும்போதும் மூட்டை தூக்கும்போதும் இரத்தம் வேகமெடுத்தாலும் நேரம் போதட்டும் என்று வைத்தது.

கொடுத்தவன் கணக்குப் பார்க்காமல்தான் கொடுத்திருக்கிறான். அந்தத் தாராளமே பின்னால் வினையாகவும் ஆகிறது. சிற்றறைகளில் கணிசமான பங்கு அழிந்த பிறகும், மாடிப்படி ஏறினால் கொஞ்சம் இரைக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வயசாச்சு என்று சொல்லிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொள்வோம்.

ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது நம் முன்னோர் கணக்கு. தில்லைப் பொன்னம்பலக் கூரையின் ஓடுகளும் அத்தனை என்பார்கள். நிமிடத்துக்கு 15 ஆகிறது; இன்றைய மருத்துவப் புத்தகமும் 12 முதல் 20 வரை என்கிறது, ஆகவே சண்டை ஒன்றுமில்லை. மூச்சுக்கு அரை லிட்டர் வைத்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல். உள்ளே போன அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும்.

அதை வெளியே அனுப்புவது எலாஸ்டின் என்ற புரத நார். சிற்றறைகளின் சுவருக்குள்ளும் நுண்குழல்களைச் சுற்றியும் அது ஓடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கே திரும்பும். உடம்பில் எத்தனையோ பொருள்கள் நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் புதிதாகிக்கொண்டிருக்க, இந்த நாரை மட்டும் உடம்பு கருவிலும் இளமையிலும் பின்னிவிட்டு அத்தோடு கைகழுவிவிடுகிறது. எவ்வளவு காலம் தாங்குகிறது என்று 1991-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியிருந்தது. அதற்குப் பின் உருவான எந்தத் திசுவிலும் அதன் தடம் இருக்கும். இறந்தவர்களின் நுரையீரல் எலாஸ்டினில் அந்தத் தடம் எவ்வளவு என்று பார்த்தார்கள். சோதனைகளுக்கு முன்பே வளர்ந்து முடிந்தவர்களிடம் அநேகமாக இல்லை. அந்த நாரின் சராசரி ஆயுள் 74 வருஷம் என்று விடை வந்தது. ஒரு மனித ஆயுளுக்குச் சமமாக, ஒரே தடவை பின்னிய நார். இருபது முப்பது வயதுக்கு மேல் அதை அறுத்தால் அதே நேர்த்தியோடு மறுபடி பின்ன உடம்புக்குத் தெரியாது.

இந்த நார் எதை எதிர்த்து இழுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மார்புக்கூட்டின் இயல்பு வெளியே விரிவது. நுரையீரலின் இயல்பு உள்ளே சுருங்குவது. ஒன்றோடொன்று ஒட்டி நழுவும் இரண்டு ஈரச் சவ்வுகள் இவற்றைப் பிரியவிடாமல் வைத்திருக்கின்றன. ஃபோர்ட் கொச்சிக் கரையில் நிற்கும் சீனவலைகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு பக்கம் வலை, மறுபக்கம் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் கருங்கற்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் நாலைந்து பேர் சேர்ந்து அவ்வளவு பெரிய மரச்சட்டத்தை ஏற்றி இறக்க முடிகிறது. மூச்சை விட்டு முடித்த அந்தக் கணத்தில் நம் மார்பு நிற்பதும் அப்படி ஒரு சமநிலையில்தான். உதரவிதானம் கீழே இறங்கிச் சமநிலையைக் கலைத்தால் அது உள்மூச்சு. தசை தளர்ந்தால் போதும், நாரில் ஏறியிருந்த முறுக்கு எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். இழுக்கச் செலவழித்த சக்தியிலேயே விடுவதற்கான சக்தியும் சேமிக்கப்பட்டுவிடுகிறது.

இந்த இலவச வெளிமூச்சின் மேல்தான் நம் பேச்சு முழுக்க ஏறி வருகிறது. பாட்டும் அப்படியே. மெஹபூப் பாடித் திரிந்த ஊர் மட்டாஞ்சேரி. கஸல் பாடகர் உம்பாயியும் இந்த ஊர்ப் பிள்ளை. கஸலின் ஒரு வரியை நீட்டி, நடுவில் தயங்கி, மறுபடி எடுத்து, கடைசிச் சொல்லை மெல்ல வைத்து முடிப்பது முழுக்க வெளிமூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வித்தை. இங்கே கல்யாண வீடுகளின் மெஹ்ஃபிலில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பாடகர் வரிகளுக்கு நடுவே வாயால் காற்றை வெடுக்கென்று கவ்வுவது காதில் விழும். விடுவது எவ்வளவு நீளம், எடுப்பது எவ்வளவு குட்டி!

இனி நோய்க்கு வருவோம். மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிட வேண்டும். வெளிக்காற்று பட்டவுடன் நார் தன் வேலையைக் காட்டிவிடும். சில பிணங்களில் அப்படிச் சுருங்காமல் புடைத்துக்கொண்டு நிற்பதை 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். மாத்யூ பெய்லி என்பவர் வெளியிட்ட படத்தொகுப்பில் அப்படிப் புடைத்த நுரையீரல் ஒன்று இருக்கிறது. அது 1784-ல் இறந்த ஆங்கில அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனுடையது என்று சொல்வார்கள். 1819-ல் பாரிஸில், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லேனெக், எம்ஃபிசீமாவைத் தெளிவாக எழுதிவைத்தார். என்ன நடந்திருக்கிறது என்பது தெரிந்தது. ஏன் நடந்தது என்பது தெரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

விடை இரண்டு திசைகளிலிருந்து வந்தது. 1963-ல் ஸ்வீடனில் கார்ல்-பெர்டில் லாரெல், நோயாளிகளின் இரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமார் 1,500 பட்டைகளில் ஐந்தில் மட்டும் ஒரு கோடு காணோம். ஸ்டென் எரிக்சன் என்ற இளம் மருத்துவர் அந்த ஐந்து பேரையும் தேடிப் போனார். மூன்று பேருக்கு இளவயதிலேயே எம்ஃபிசீமா. காணாமல் போன கோடு ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம். நம் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல எலாஸ்டேஸ் என்ற நொதியை வைத்திருக்கின்றன. அது எலாஸ்டினையும் தின்னும். தின்னாமல் தடுத்து நிற்கும் காவல்தான் அந்தப் புரதம். பிறவியிலேயே அது குறைந்தவர்கள் நம் ஊரில் அரிது. ஆனால் பீடி, சிகரெட் புகை என்ன செய்கிறது என்றால், நல்ல காவலோடு பிறந்தவருடைய காவலையும் முடமாக்கிவிட்டு, அதே சமயம் வெள்ளணுக்களையும் நுரையீரலுக்குக் கூட்டமாக வரவழைக்கிறது.

இரண்டாவது விடை ஒரு பப்பாளிக் காயிலிருந்து வந்தது என்றே சொல்லலாம். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் பால் கிராஸும் அவர் கூட்டாளிகளும் எலிகளின் நுரையீரலுக்குள் பப்பெயினைச் செலுத்தினார்கள். எலிகளுக்கு எம்ஃபிசீமா வந்தது. பப்பெயின் வேறொன்றுமில்லை, பப்பாளிப் பாலில் இருக்கும் நொதி. கொச்சிச் சமையலறையில் முற்றிய மாட்டிறைச்சி வேகாமல் அடம்பிடித்தால் பச்சைப் பப்பாளியை அரைத்துப் பூசி ஊறவைப்பார்கள். கால் மணி கழித்து விரலால் அழுத்தினாலே வித்தியாசம் தெரியும்; மேல்புறம் வழுவழுவென்று குழைந்திருக்கும். சற்று மறந்துவிட்டால் நாரெல்லாம் கரைந்து, வெந்தபின் கறி மாவாகிவிடும். புகைக்கிறவருடைய மார்புக்குள் இதே காரியத்தை அவருடைய சொந்த வெள்ளணுக்களே செய்கின்றன, கால் மணியில் இல்லை, இருபது முப்பது வருஷத்தில். அறுந்த எலாஸ்டின் துணுக்குகள் சிறுநீரில் வெளியேறுவதைக்கூட அளந்திருக்கிறார்கள்.

சுவர் கரைந்ததும் பல சிற்றறைகள் சேர்ந்து ஒரு பெரிய பொந்தாகின்றன. காற்று நிறைய இருக்கும், இரத்தத்தைத் தொடும் பரப்பு இருக்காது. அதைவிடக் கொடுமை, நுண்குழல்களைச் சுற்றி நின்று அவற்றைத் திறந்துவைத்திருந்ததும் அந்தச் சுவர்களே. அவை போனபின், மூச்சை விடும்போது குழல்கள் மடிந்து மூடிக்கொள்கின்றன. அழுத்தி விட முயன்றால் இன்னும் இறுக மூடும். போன மூச்சு முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. உள்ளே பழைய காற்று தேங்குகிறது. நுரையீரலின் இழுப்பு தளர்ந்ததால் மார்புக்கூடு தன் போக்கில் விரிந்துகொண்டு, நெஞ்சு முன்னும் பின்னும் உருண்டு திரள்கிறது. குவிந்திருந்த உதரவிதானம் தட்டையாகி, இழுக்கும் பலத்தையும் இழக்கிறது.

ஜெட்டி பக்கத்து டீக்கடை பெஞ்சில் ஒரு முதியவரைப் பார்ப்பேன். வாலிபத்தில் மூட்டை சுமந்தவர். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருப்பார். உதட்டைச் சீட்டியடிக்கப் போகிறவர் மாதிரி குவித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஊதுவார். ஒருநாள், “மூச்சு எடுக்க ரொம்பக் கஷ்டமா இக்கா?” என்று கேட்டேன். சிரித்தார். “எடுக்கான் பிரச்னமில்லா மோனே,” என்று சொல்லி நிறுத்தினார். ஒரு மூச்சு ஊதிவிட்டு, “விடானாணு பாடு.” அவ்வளவு பேச இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

அந்த உதடு குவிப்பை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வாயில் சற்றுத் தடுத்து விட்டால் உள்ளே அழுத்தம் நிற்கும். மடியத் துடிக்கும் குழல்கள் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டுகள் இதைப் பாடமாகவே எடுக்கிறார்கள். உடம்பு தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் இது. நோயிலும் படைத்தவன் கையை விட்டுவிடவில்லை என்று இந்த மாதிரி இடங்களில்தான் நினைக்கத் தோன்றுகிறது. திருமூலர் பிராணாயாமத்துக்கு வகுத்த மாத்திரை இழுக்க 16, நிறுத்த 64, விட 32. இழுப்பதைப்போல் இரு மடங்கு விடுவதற்கு. நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரருக்கு அந்த 32 பொன்னான யோசனை. 64 வேண்டாம், ஏற்கெனவே காற்று உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கிறது.

மிச்ச விளைவுகளை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் வீட்டில் இந்த நோய் இருப்பவர்களுக்கு இவை தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டும். அதனால் சாப்பாடு குறையும். மூச்சு விடுவதற்கே சக்தி செலவாகும். உடம்பு இளைக்கும், தொடைத் தசை கரையும். நுரையீரலுக்கு இரத்தம் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைக்கும், கணுக்கால் வீங்கும். கரியமிலவாயு தேங்கினால் காலையில் தலைவலி, பகலில் அசதி. ஒரு மழைக்காலச் சளிக்காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரிதான். ஒவ்வொரு தடவை போய்த் திரும்பும்போதும் பழைய நிலை முழுதாகத் திரும்புவதில்லை. எம்ஃபிசீமாவும், சளி பெருகிக் குழாயை அடைக்கும் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒரே பெயரில் சி.ஓ.பி.டி. என்கிறார்கள். 2016-ல் இந்தியாவில் இதோடு வாழ்ந்தவர்கள் சுமார் ஐந்தரைக் கோடிப் பேர் என்பது லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த மதிப்பீடு.

பீடிதானே காரணம் என்று கேட்பார்கள். அதே மதிப்பீட்டில் இந்தியாவின் சி.ஓ.பி.டி. சுமையில் புகையிலையின் பங்கு நூற்றில் 25. காற்று மாசின் பங்கு 54-க்குக் கொஞ்சம் குறைவு. தொழிலிடத் தூசியும் ஆவியும் 16, 17. பீடியைக் கையால் தொடாத பெண்கள் சி.ஓ.பி.டி. வார்டில் ஏன் படுத்திருக்கிறார்கள் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. விறகடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாற்பது வருஷம் ஊதாங்குழலை ஊதியவர்கள் அவர்கள். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1980-களில் வீடு வீடாகக் கொண்டுபோன புகையில்லா அடுப்பை ஊர் ‘பரிஷத் அடுப்பு’ என்றே அழைத்தது. விறகை மிச்சம் பிடிக்கத்தான் வந்தது என்றாலும், எத்தனையோ பேருடைய எலாஸ்டினைக் காப்பாற்றிய அடுப்பு அது என்று நான் நினைத்துக்கொள்வேன். அடுப்பங்கரையில் தவழ்ந்த குழந்தைகளுக்கும் அதில் பங்குண்டு. பிறக்கும்போது சில கோடியாக இருக்கும் சிற்றறைகள் பிறந்தபின்தான் பெருகுகின்றன. வளரும் வயதில் நுரையீரல் முழு வளர்ச்சி எட்டாமல் போனாலே பின்னாளில் சி.ஓ.பி.டி. வர வழியாகிறது என்று 2015-ல் டென்மார்க்கின் பீட்டர் லாங்கேயும் மற்றவர்களும் எழுதினார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் அப்படிப்பட்டவர்கள்.

ஃபோர்ட் கொச்சியில் வேலி என்ற பகுதியில் இருக்கும் தோபிகானாவில் தலைமுறைகளாகத் தமிழர்கள்தான் துணி வெளுக்கிறார்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி துவைக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி என்று சொல்லிக்கொள்வார்கள். சிரட்டைக் கரி நிரப்பிய இஸ்திரிப் பெட்டியின் மேல் குனிந்து நிற்கும் நேரமெல்லாம் அவர்கள் இழுப்பது அந்தக் கரிக்காற்றை. குடோன் தூசி இன்னொரு கணக்கு. ஊர் மொத்தமும் ஒரே காற்றை இழுத்த நாட்களும் உண்டு: 2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கில் பிடித்த தீ பத்து நாளுக்கு மேல் புகைந்தது, கடற்படையும் விமானப்படையும் தண்ணீர் கொட்டின, பள்ளிகளை மூடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

கொச்சிக்கு ஒரு பெருமையும் உண்டு. 1999 ஜூலை 12-ஆம் தேதி, இதே காயலின் அக்கரையில் எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நாட்டுக்கே அது முன்னோடி. அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் நம் தேவகோட்டைக்காரர், நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். நாடு முழுவதற்குமான சட்டம் 2003-ல்தான் வந்தது.

குஜராத்தி ரோட்டு ஜெயின் கோவிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் தூவுவார்கள். நூற்றுக்கணக்கில் எழுந்து கோபுரத்தைச் சுற்றிவிட்டு ஒரே வீச்சில் இறங்கும். பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் புறா எச்சத்தின் பொடியை நாளெல்லாம் சுவாசிப்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் இறுகிப்போகிறது, இந்தியாவில் அப்படிப்பட்ட நோயாளிகள் நிறையவே இருக்கிறார்கள். அந்தப் புறாவுக்கோ இப்படிப்பட்ட எம்ஃபிசீமா வர இடமே இல்லை. பறவையின் நுரையீரல் விரிந்து சுருங்குவதில்லை. ஒன்பது காற்றுப்பைகள் துருத்தி வேலையைப் பார்த்துக்கொள்ள, நுரையீரல் வழியே காற்று ஒரே திசையில் ஓடுகிறது. உள்மூச்சிலும் புதுக்காற்று, வெளிமூச்சிலும் புதுக்காற்று. இமயத்தைக் கடக்கும் வாத்துகளுக்கு அது தேவை. நமக்கு வாய்த்தது வந்த வழியே திரும்பும் மூச்சு, அதைத் திருப்பி அனுப்ப ஒரு நார். இரண்டில் எது உசத்தி என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

போன நாருக்குப் பதில் நார் இன்றுவரை இல்லை. இருப்பதைக் காக்கலாம். வயது முப்பதை நெருங்கியபின் எல்லாருக்கும் மூச்சு வலு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். புகைப்பவர்களில் பலருக்கு அது வேகமாகக் குறைகிறது. எந்த வயதில் நிறுத்தினாலும் குறையும் வேகம் புகைக்காதவருடைய வேகத்துக்குத் திரும்புகிறது. லண்டன் தொழிலாளர்களை வருஷக்கணக்கில் அளந்து பிளெச்சரும் பீட்டோவும் 1977-ல் காட்டியது இது. இன்ஹேலர், அடைபட்ட குழல்களைத் தளர்த்தும். “பம்பு அடிச்சா பழகிப்போயிடும்” என்று பயந்து மாத்திரையாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது, பம்பு நேரே போகிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஆடாதோடைக் கஷாயம் குடிப்பவர்களைக் கேலி செய்யவும் வேண்டாம். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களைக் கொண்டு தொகுத்து, 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸில் ஆடாதோடைக்கும் இடம் உண்டு. அதிலிருக்கும் வாசிசினை ஒட்டி உருவானதுதான் இன்றைய இருமல் மருந்துகளில் இருக்கும் புரோம்ஹெக்ஸின். சளியை இளக்கும், நாரைத் திருப்பித் தராது. இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீளும் என்று 1980, 81-ல் இரண்டு பரிசோதனைகள் காட்டின. அளவை டாக்டர் சொல்ல வேண்டும்; மூச்சு முட்டுகிறதே என்று வீட்டில் குமிழைத் தாமாகத் திருகிக் கூட்டினால் சிலருக்குக் கரியமிலவாயு ஏறி மயக்கம் வந்துவிடும்.

அறுவை சிகிச்சைகளில் ஒன்று முதலில் கேட்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மூச்சு போதாத மனிதனின் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடுவது. 1950-களில் பால்டிமோரில் ஆட்டோ பிராண்டிகன் செய்து பார்த்தார். தொளதொளத்த பகுதி போனால் மிச்சம் இறுகி நிற்கும், குழல்கள் திறக்கும், உதரவிதானம் மறுபடி குவியும் என்பது அவர் எண்ணம். அன்று எடுபடவில்லை, 1990-களில் திரும்பி வந்தது. பொருத்தமான சிலருக்குப் பலன் தருகிறது. இப்போது வெட்டாமலே, மூச்சுக்குழாய் வழியாகக் குட்டி வால்வுகளை வைக்கிறார்கள். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது.

நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையும் வெளிமூச்சை வைத்துத்தான். 1846-ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தன் ஸ்பைரோமீட்டருக்குள் ஊதவைத்து அளந்தார். இன்று அது கையில் அடங்கும் கருவி. கேரள அரசு ‘சுவாஸ்’ என்ற பெயரில் குடும்ப ஆரோக்கிய மையங்களிலேயே மூச்சு கிளினிக் நடத்துகிறது. மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக வீடு திரும்பும் ஆரம்பநிலை நோயாளிகள் ஏராளம். நாற்பதைத் தாண்டி, பீடியோ அடுப்போ குடோனோ பின்னணியில் இருந்து, படியேறினால் இரைக்கிறது என்றால் ஊதிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். மூக்கில் கிளிப் போடுவார்கள். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். முழு மூச்சில் முதல் நொடியிலேயே எவ்வளவு வெளியேறுகிறது என்று கருவி சொல்லும். மருந்து கொடுத்தபின்னும் நூற்றுக்கு 70-க்குக் கீழே இருந்தால் குழாயில் அடைப்பு. ஆறு நொடியாவது விடாமல் ஊத வேண்டும். பலரும் மூன்றாவது நொடியில் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் மறுபடி ஊதச் சொல்வார்கள்.